வெட்டாற்றுப்பேட்டையில் பொன்னி எக்ஸ்பிரஸ் நின்ற கதை

விரைவுவண்டி நிறுத்தக் கோரிக்கைக் குழு
வெட்டாற்றுப்பேட்டை
12.9.1974

பொன்மலை ரயில்வே காலனி, எக்ஸ்பிரஸ் டிரைவர் ஜனாப் மீரா உசேன் அவர்களுக்கு,

குழுவின் செயலாளர், இரும்புக்கடை மூஸா எழுதிக்கொள்வது.

திருச்சிக்கும் நாகூருக்கும் இடையில் இத்தனை வருடம் தலைதெறிக்க ஓடிய பொன்னி எக்ஸ்பிரஸின் நீராவி எஞ்சினுக்கு வருகிற தை மாதத்தோடு ஓய்வு என்றும், அந்த இடத்துக்கு டீசல் வருகிறது என்றும் தாங்கள் அறிவீர்கள். எஞ்சினையும் இரண்டு பெட்டிகளையும் உடைசலுக்குப் போடாமல் ஏதாவது ஓர் ஊரில் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்திவைப்பது என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது. எந்த ஊர் என்று கேள்வி வந்தபோது, இந்த வண்டியை நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று பத்து வருடமாக மனுப் போட்ட ஊர் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். அது எங்கள் ஊர்.

ஆக, எங்கள் ஊரில் ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்று போன வண்டி இனி கியாமத் நாள் வரைக்கும் எங்கள் ஊரிலேயே நிற்கும். தாங்கள் எங்களைப் பார்த்து விசில் அடித்துக்கொண்டு போன ஒவ்வொரு நாளுக்கும் இது பதில்.

கடைசிப் பயணத்தில் வண்டியை ஓட்டிவந்து நிறுத்தும் பொறுப்பு தங்களிடம் வரும் என்று கேள்விப்பட்டோம். விழாவில் தங்களுக்குப் பொன்னாடை உண்டு. இது குழுவின் அழைப்பே தவிர என் சொந்த அழைப்பு அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மு. மூஸா, செயலாளர்

*

786
பொன்மலை
20.9.1974

மூஸாவுக்கு,

உன் கடிதத்தின் தலையில் 786 இல்லை. குழு ஆரம்பித்தால் அல்லாவை மறந்துவிட வேண்டுமா?

என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி பத்து வருடம் கழித்து எனக்குக் கடிதம் போடுகிறான். பிரித்தால் உள்ளே 'தாங்கள் அறிவீர்கள்' என்று இருக்கிறது. நான் ஒன்றும் அறியேன். நிறுத்தம் என்பது டிரைவரின் கையில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. இதை உனக்கு நான் அறுபத்து நான்கிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் போராட்ட லட்சணமும் எனக்குத் தெரியும். மூன்று மணிக்குத் தண்டவாள மறியல் என்று நோட்டீஸ் அடித்தீர்கள். அன்று பார்த்து வண்டி லேட். நான் வரும்போது தண்டவாளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஓரத்தில் ஒரு ஜமக்காளமும் வெற்றிலைத் தட்டும் மட்டும் மறியல் செய்துகொண்டிருந்தன. நீங்கள் எல்லோரும் டீக்கடையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தீர்கள். விசில் அடித்தது அதற்குத்தான்.

ஓட்டிவரச் சொன்னார்கள், உண்மைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன். மணிக்கு அறுபது மைல் பார்த்த எஞ்சின் அது. அதை உங்கள் ஊரில் கொண்டுவந்து கட்டிப்போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் மாலை போடுவீர்கள். இரண்டாவது வாரம் சினிமா போஸ்டர் ஒட்டுவீர்கள். மூன்றாவது வாரம் கொதிகலனில் கோழி அடைப்பீர்கள். அந்தப் பாவத்துக்கு நான் உடந்தையாக மாட்டேன்.

உன் அக்கா நூர்ஜஹான் சுகம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மீரா உசேன்

*

786
வெட்டாற்றுப்பேட்டை
3.10.1974

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

செயலாளராக எழுதினால் கேலி செய்கிறீர்கள். சரி, மூஸாவாகவே எழுதுகிறேன்.

இந்தக் குழுவை நான் எதற்கு ஆரம்பித்தேன் என்று இந்த ஊரில் ஆடுமாட்டுக்குக்கூடத் தெரியும். உம்மாவுக்குக் கடினம் என்று நான் தந்தி கொடுத்த அன்று காலைப் பாசஞ்சர் போய்விட்டது. லாத்தா கட்டிய சேலையோடு உங்கள் வண்டியில்தான் ஏறினாள். முன்னால் எஞ்சினில் நீங்கள், பின்னால் பெண்கள் பெட்டியில் அவள். இங்கே உம்மா காலையிலேயே மௌத்தாகிவிட்டார்கள். பெற்ற மகள் முகம் பார்க்கட்டும் என்று உம்மாவின் மையத்தை அடக்கத்துக்கு எடுக்காமல் வைத்துக்கொண்டு நான் ஸ்டேஷனில் வந்து நின்றேன். வண்டி வந்தது. சன்னலில் அக்கா முகம் தெரிந்தது. அந்த முகம் அப்படியே என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கு மேல் மையத்தை வைத்திருக்கக் கூடாது என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். திருவாரூரில் இறங்கி ஜட்கா பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது நாங்கள் உம்மாவை மையவாடியில் அடக்கிவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டிருந்தோம்.

ஒரு நிமிடம் மச்சான். ஒரே ஒரு நிமிடம்.

அன்று இரவு நீங்கள் வந்தபோது, "இந்த வீட்டு வாசப்படிய இனிமே மிதிக்காதீங்க" என்று நான் சொன்னேன். வயிறு எரிந்து சொன்னது. நீங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். லாத்தாவோ, "எம் புருசன் மிதிக்காத படிய நானும் மிதிக்க மாட்டேன்" என்று உங்கள் பின்னாலேயே போனவள்தான். இன்றுவரை வரவில்லை. என் மூன்று பிள்ளைகளுக்கும் மாமி எப்படி இருப்பாள் என்று தெரியாது.

எனக்கு எஞ்சினும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். லாத்தா அந்த வண்டியில் வந்து இந்த ஊரில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. அதற்காகத்தான் பத்து வருடம் கலெக்டர் ஆபீஸ் படியேறினேன்.

விழாவுக்கு மந்திரி வருகிறார். ஸ்டேஷனிலிருந்து பழைய ரைஸ்மில்லுக்குப் போகும் சைடிங்கை, அந்தக் கிளைத் தண்டவாளத்தை, நீட்டி, துரைராசு மிராசுதார் தானமாகக் கொடுத்த வயலில் வண்டியை நிறுத்த ஏற்பாடு. வயலின் நுழைவில் ஓர் அலங்கார வளைவு. அதில் மந்திரி ரிப்பன் வெட்ட, நீங்கள் வண்டியோடு உள்ளே நுழைய வேண்டும்.

மூஸா

*

786
பொன்மலை
17.10.1974

மூஸாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

ஒற்றைத் தண்டவாளம். எதிரே தஞ்சாவூர் வண்டி எனக்காகத் திருவாரூரில் காத்து நிற்கும். டிரைவர் வீட்டு மையத்துக்கு ஒரு நிமிடம் என்றால், நாளைக்கு ஃபயர்மேன் வீட்டுக் காதுகுத்துக்கு அரை மணி. அப்புறம் அது எக்ஸ்பிரஸ் இல்லை, மாட்டுவண்டி. இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் லாத்தா அந்த நாளைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. பத்து வருடமாக வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள், டிபன் கேரியரை மூடித் தருகிறாள். எனக்கு அது சகிக்கவில்லை.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "மந்திரியெல்லாம் வர்றாராமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அடுப்பில் மீன் ஆணம் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஆணமே இல்லை.

நான் ஓட்டிவருவதாக இன்னும் சொல்லவில்லை. ஆனாலும் யார் ஓட்டி வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: அந்த வளைவு எவ்வளவு உயரம்?

மீரா உசேன்

*

786
வெட்டாற்றுப்பேட்டை
5.1.1975

மச்சானுக்கு ஸலாம்.

பதில் எழுதத் தாமதம். இங்கே தலைக்கு மேல் வேலை.

வளைவைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம். பந்தல்காரர் அப்துல் அஜீஸ் கட்டுகிறார். இந்தத் தாலுகாவில் எந்த மந்திரி வந்தாலும் வளைவு அவருடையதுதான். மந்திரி கார் போக, மேலே இரண்டு முழம் மிச்சம் வைத்துத்தான் கட்டுவார். இதுவரை ஒரு காரும் முட்டியதில்லை. உச்சியில் மந்திரியின் தலைவர் படம், சுற்றிலும் கலர் பல்பு. பார்த்தால் அசந்துவிடுவீர்கள்.

எஞ்சின் கறுப்பு, முன்பலகை சிவப்பு என்று கேள்விப்பட்டதும் கட்சிச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிவிட்டார். பிரிந்துபோன கட்சிக்காரர்களும் வந்து, அது தங்கள் கொடியின் நிறம்தான் என்று கண்கலங்கினார்கள். அதனால் இரண்டு பேண்டு செட்டு. பெட்டியில் இந்தி எழுத்து இருந்தால் முன்கூட்டியே சொல்லவும். தார் டின்னோடு எட்டுப் பேர் தயாராக இருக்கிறார்கள், என் கடைத் தார்தான், வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது?

வயலில்தான் ஒரு சிக்கல். துரைராசு மிராசுதாரின் தானம் இருக்கிறதே, அது நில உச்சவரம்புச் சட்டத்தில் எப்படியும் அவர் கையை விட்டுப் போகவேண்டிய வயல். உழுகிற ஆளுக்குப் போவதைவிட ரயிலுக்குப் போகட்டும் என்று கொடுத்திருக்கிறார். தானம் அறிவித்த மறுநாளே விவசாயத் தொழிலாளர் சங்கத்து இராஜாங்கம் ஆட்களோடு இறங்கிச் சம்பா நட்டுவிட்டார். "நாங்க மூணு தலைமுறையா உழுத வயலு பாய். ரயிலு வந்து நாத்து நடுமா? களை பறிக்குமா? கேட்டுச் சொல்லுங்க" என்கிறார். நான் யாரிடம் போய்க் கேட்பது? பிறகு தண்டவாளம் போட்டபோது அதற்கு நடுவிலும் மறுபடி நட்டுவிட்டார்கள். இப்போது கதிர் சாய்ந்து நிற்கிறது. மிராசுதார், "வண்டிய ஏத்துங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

லாத்தா என்ன சொல்கிறாள்? அதை எழுதாமல் விடாதீர்கள்.

மூஸா

*

786
பொன்மலை
18.1.1975

மூஸாவுக்கு,

ஆபீசில் மறுபடியும் கூப்பிட்டார்கள். வேறு யாராவது ஓட்டட்டும் என்றேன். சரி என்று டீசல் பயிற்சி முடித்த ஒரு பையனைக் கூட்டிவந்து எஞ்சினில் ஏற்றினார்கள். அவன் ரெகுலேட்டர் பிடியைத் தொட்டுவிட்டு, கையில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தான். எனக்கு வந்ததே கோபம். "எறங்குடா கீழ, நானே போறேன்" என்றேன்.

ஆகவே நான்தான் வருகிறேன். மந்திரிக்காகவும் இல்லை, உனக்காகவும் இல்லை, அந்தக் கைக்குட்டைக்காக. நல்லபடியாகக் கேட்டுக்கொள்: உங்கள் ஸ்டேஷனில் நான் நிறுத்த மாட்டேன். உத்தரவில் வயல் என்று இருக்கிறது, வயலில்தான் நிறுத்துவேன்.

நூர்ஜஹானை நான் கூப்பிடவில்லை. நேற்று வீட்டுக்கு வந்தால் பெட்டி கட்டி நடுக்கூடத்தில் வைத்திருக்கிறாள். "எங்க?" என்றேன். "கடைசியா ஓடுற வண்டியாம், போய்ப் பாப்போம்" என்றாள்.

வளைவின் உயரத்தை அடிக்கணக்கில் எழுது. காரை வைத்து ரயிலுக்கு அளவு சொல்லாதே.

மீரா உசேன்

*

786
வெட்டாற்றுப்பேட்டை
30.1.1975

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடிக்கணக்கு கேட்ட கடிதம் விழா முடிந்து இரண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன். என் மனைவி ஆயிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவள், கால் மணி நேரம் வெளியே வரவில்லை.

எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் ஊதிக்கொண்டு சைடிங்கில் திரும்பினீர்கள். ஊரே கூட ஓடிவந்தது. இரண்டு பேண்டும் இரண்டு பாட்டு வாசித்தன. வளைவுக்குக் கீழே மந்திரி கத்தரிக்கோலோடு நின்றார். நான் அவர் பக்கத்தில் பொன்னாடையோடு நின்றேன். வண்டி நேரே எங்களைப் பார்த்து வந்தது. திடீரென்று பள்ளிவாசல் மையவாடிச் சுவருக்கு நேராகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

காத்திருந்தோம். மந்திரி சிரித்த முகத்தை மாற்றாமல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் கட்சிச் செயலாளர் எஞ்சினின் புகைப்போக்கியைப் பார்த்தார். பிறகு வளைவைப் பார்த்தார். மறுபடி புகைப்போக்கியைப் பார்த்தார்.

"யோவ் அஜீசு, என்னய்யா இது?"

"வளைவுன்னா இந்த ஒசரந்தாங்க. எல்லா மந்திரிக்கும் இதான் கட்டுறேன்."

"சரி, கழட்டு."

"மேல தலைவர் படம் இருக்கு. நான் கை வைக்க மாட்டேன். நீங்க வேணா வைங்க."

கட்சிச் செயலாளரும் வைக்கவில்லை. மந்திரி முன்னால் தலைவர் படத்தை இறக்க எந்த மகன் துணிவான்? ரிப்பன் வெட்டாமல் வளைவைக் கழற்ற முடியாது, வண்டி வராமல் ரிப்பன் வெட்ட முடியாது, வளைவைக் கழற்றாமல் வண்டி வர முடியாது. இதைப் பேசி முடிப்பதற்குள் நீங்கள் நெருப்பைத் தட்டி எஞ்சினை அணைத்துவிட்டீர்கள். கடைசியில் மந்திரியே ஜல்லிக்கல்லில் நடந்துவந்து எஞ்சினுக்கு மாலை போட்டு, "பத்தாண்டுப் போராட்டத்தின் வெற்றி இந்த நிறுத்தம்" என்று பேசினார். கைதட்டல். அவர் வெள்ளை வேட்டியில் மட்டும் எஞ்சின் கரிப்பொட்டு.

வண்டி நிற்கிற இடம் ரயில்வேக்குச் சொந்தமானது, அங்கேயே இருக்கட்டும் என்று எஞ்சினீயர் சொல்லிவிட்டார். மிராசுதார் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கில் தானம் கொடுத்ததை மைக்கில் திருப்பிக் கேட்க முடியவில்லை அவரால். இராஜாங்கம் ஆட்கள் மறுநாள் விடியும்போதே கதிர் அரிவாளோடு வயலில் இறங்கிவிட்டார்கள். எனக்கும் ஒரு மரக்கால் புதுநெல் வந்தது, எதற்கென்று தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

ஊர் முழுக்க என்னைத்தான் ஏசுகிறது. ஏசட்டும். நீங்கள் மட்டும் அந்த வளைவைப் பார்த்து நிறுத்தாமல் இருந்திருந்தால் மந்திரியோடு சேர்த்து எனக்கும் மையவாடியில் இடம் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மச்சான், அவ்வளவு தள்ளி ஏன் நிறுத்தினீர்கள்? இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கலாமே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வண்டி நின்றதும் கார்டு தியாகராசன் பெட்டியைப் பார்த்து ஓடினார், நீங்களும் இறங்கிப் போனீர்கள். கொஞ்ச நேரத்தில் லாத்தா இறங்கினாள். மந்திரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேரே மையவாடிச் சுவர் ஓரமாகப் போய், உம்மா அடங்கியிருக்கிற பக்கம் பார்த்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையேந்தி நின்றாள். இரண்டு பேண்டும் வாசித்துக்கொண்டே இருந்தன. யாரும் சொல்லாமல் பேண்டுக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். மச்சான், நான் அந்தப் பொன்னாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதுதான் உங்களுக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடை. ஆனால் நீங்கள் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் மாலைப் பாசஞ்சரில் ஏறிப் போய்விட்டீர்கள். லாத்தா இங்கேதான் இருக்கிறாள். உள்ளே பெட்டிக்குள் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒம் மச்சானயே கேளு" என்று சிரிக்கிறாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பத்து வருடம் ஆகிறது.

வாசப்படியை மிதிக்காதீர்கள் என்று நான் சொன்ன வார்த்தை இருக்கிறதே, நேற்றுக் கொத்தனாரை வைத்துப் படியையே இடித்துவிட்டேன். இப்போது சாய்வாகச் சிமெண்டு போட்டிருக்கிறது. மிதிக்கப் படி கிடையாது, தாராளமாக வரலாம்.

மூஸா

*

786
பொன்மலை
6.2.1975

மூஸாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் வளைவை நான் பார்க்கவே இல்லை. முன்னால் நீராவி, பக்கத்தில் ஊர் ஜனம், எவன் சக்கரத்தில் விழுவானோ என்று கீழேயே பார்த்துக்கொண்டு வந்தேன். என் பாட்டுக்கு வந்திருந்தால் வளைவு, பல்பு, தலைவர் படம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு இராஜாங்கத்தின் நெல்லில் போய்த்தான் நின்றிருப்பேன். நிறுத்தியது நான் இல்லை.

பிரேக்கின் வாக்குவம் காட்டும் முள் சட்டென்று விழுந்தது. பெட்டியில் யாரோ அபாயச் சங்கிலியை இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சங்கிலி இழுத்தால் டிரைவர் நிறுத்தியாக வேண்டும். யார், எதற்கு என்று கேட்க எனக்கு அதிகாரம் கிடையாது. நிறுத்தினேன். தார் டின் கோஷ்டியாகத்தான் இருக்கும் என்று திட்டிக்கொண்டே இறங்கிப் போனேன்.

போனால் உன் லாத்தா. இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறாள். தியாகராசன் எதிரே நின்று கேட்கிறார்.

"என்னம்மா நீங்களே இப்படி? எதுக்கு இழுத்தீங்க?"

"எங்க உம்மா இங்கதான் இருக்காங்க. நான் எறங்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். "அண்ணே, உங்க வீட்டுக்காரங்க. ஆனா காரணமில்லாம இழுத்தா கேசு போடணும். நான் என்ன செய்ய?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அன்னைக்கும் இதுல கைய வச்சேன். புதுசா எக்ஸ்பிரசு குடுத்திருக்காங்க, உங்க வேலைக்கு எதும் ஆயிடுமோன்னு கைய எடுத்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பத்து வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை.

மூஸா, அன்று அவள் இழுத்திருந்தால் நான் நின்றிருப்பேன். சட்டப்படி நின்றிருப்பேன், யாரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. பத்து வருடமாக நான் உங்கள் எல்லோரிடமும் சட்டம் சட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டத்திலேயே அவள் இறங்குவதற்கு ஒரு வழி இருந்திருக்கிறது. எனக்காக அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

தியாகராசன் பதிலுக்குக் காத்து நின்றார். "காரணம் சரியான காரணந்தான். பத்து வருசம் லேட்டு, அது ஒண்ணுதான் குறை" என்றேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். அவள் இறங்கியதும் நெருப்பைத் தட்டியது மட்டும் நான்தான்.

நான் அன்றே கிளம்பியது கோபத்தால் அல்ல. மந்திரி, மிராசுதார், இரண்டு பேண்டு செட்டு இத்தனை பேர் நடுவில் எக்ஸ்பிரஸ் டிரைவர் அழுதான் என்று வர வேண்டாமே என்றுதான்.

எஞ்சினை எவனும் தொடக்கூடாது. புகைப்போக்கியில் மழை இறங்காமல் ஒரு பானையைக் கவிழ்த்து வை. இணைப்புத் தண்டுகளுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போட வேண்டும், அதற்கு நானே வருவேன். கோழி அடைத்திருப்பதைப் பார்த்தால் பிறகு நான் மனிதனாக இருக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறேன். அது உங்கள் ஊரில் நிற்கும். நூர்ஜஹானை ஸ்டேஷனுக்கு அனுப்பு. அன்று நீ நின்ற இடத்தில் அவள் நிற்கட்டும், நான் இறங்குகிறேன்.

மீரா உசேன்